ஏர் ரைபிளுக்கு முதல் ஸ்கோப்: உதை தாங்க வேண்டும், பத்து மீட்டரில் தெளிய வேண்டும்

மதுரை வட்டாரத்தில் முதன்முதலாக ஸ்கோப், அதாவது துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கி, வாங்குகிறவர் கையில் பெரும்பாலும் 0.177 ஏர் ரைபிள்தான் இருக்கும். 4.5 மி.மீ. துளை, உள்ளே ஸ்பிரிங்கும் பிஸ்டனும், பேரலை மடக்கி பெல்லட் எனும் சிறு ஈயக்குண்டைப் போடும் அமைப்பு. ஆனால் ஸ்கோப்பைப் பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டு வேட்டைத் துப்பாக்கிக்காரர்களுக்கு எழுதியவை. இருநூறு கெஜம் தள்ளி நிற்கும் மானைச் சுடுகிறவருக்குச் சொன்ன யோசனையை நம்பி, தென்னந்தோப்புக்குள் பத்து மீட்டரில் அட்டையைச் சுடுகிறவர் ஸ்கோப் வாங்கினால் காசு வீண். இரண்டுக்கும் தேவை வேறு. பல இடங்களில் நேர் எதிர்.

முதலில் சட்டம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி துளை 0.177 அங்குலத்தைத் தாண்டாமலும் பேரல் முனையில் குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். இரண்டில் எது மீறினாலும் உரிமம் வேண்டும், 0.22 ஏர் ரைபிளும் இதில் அடங்கும். வாங்கிய ரசீதையும் அடையாள அட்டை நகலையும் துப்பாக்கி உறைக்குள்ளேயே வைத்திருங்கள். உரிமம் வேண்டாம் என்பதற்காக எதையும் சுடலாம் என்று ஆகிவிடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கொக்கு, காடை, கவுதாரி, முயல், உடும்பு, மயில் எதைச் சுட்டாலும் குற்றம். சிறை வரைக்கும் போகும். கண்மாய்க் கரையில் ‘ஒரே ஒரு கொக்கு’ என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டி நமக்குப் பக்கத்து ஊர்தான். இங்கே சொல்வதெல்லாம் அட்டை, டப்பா, இரும்புத் தகட்டுக் குறிகளுக்கு மட்டும்.

இன்னொன்றையும் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் சேரும் எண்ணம் இருந்தால் ஸ்கோப்பே வேண்டாம். அந்தப் பிரிவில் ஸ்கோப் அனுமதி இல்லை. சிறு துளை வழியாகப் பார்க்கும் டயாப்டர் சைட்தான். பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்க நினைக்கும் பெற்றோர் ஸ்கோப்புக்கு வைத்திருக்கும் பணத்தை அப்படியே கிளப் கட்டணத்துக்கு மாற்றிவிடலாம்.

ஸ்பிரிங் துப்பாக்கி ஸ்கோப்பை ஏன் கொல்கிறது

வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைபிள் இரண்டு தடவை உதைக்கும். விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாயும். துப்பாக்கி பின்னால் நகரும். அடுத்த கணம் முன்னால் அமுங்கிய காற்றுமெத்தையில் பிஸ்டன் மோதி நிற்கும். அப்போது துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கும். பெல்லட் பேரலை விட்டுப் போவதற்குள் இவ்வளவும் முடிந்துவிடும்.

பின்னால் வரும் உதையைத் தாங்கத்தான் வேட்டை ஸ்கோப்பின் லென்ஸ்களையும் உள்குழாயையும் இறுக்கியிருப்பார்கள். முன்னால் வெட்டும் இழுப்பை அது எதிர்பார்ப்பதே இல்லை. அதனால்தான் பெரிய தோட்டாத் துப்பாக்கியில் பத்து வருஷம் தாங்கும் ஸ்கோப், ஸ்பிரிங் ஏர் ரைபிளில் ஏறியதும் சில நூறு சூட்டில் குறி தப்ப ஆரம்பிக்கிறது. முதலில் உள்குழாயைத் தாங்கும் சிறு ஸ்பிரிங் தளரும். பிறகு குறுக்குக்கோடு ஒரு பக்கம் சாயும். கடைசியில் லென்ஸே வளையத்தை விட்டு நகரும்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எத்தனை எக்ஸ்?’, அதாவது எத்தனை மடங்கு பெருக்கும், என்பது இல்லை. ‘ஸ்பிரிங் ஏர் ரைபிள் உதைக்கு இதற்கு உத்தரவாதம் உண்டா? எழுத்தில் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். உத்தரவாத அட்டையில் ஏர் ரைபிள் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். ‘எல்லாத் துப்பாக்கிக்கும் ஆகும்’ என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்; சில கம்பெனிகளின் உத்தரவாதத்தில் ஸ்பிரிங் ஏர் ரைபிள் விலக்கப்பட்டே இருக்கும். ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு பிஸ்டனைத் தள்ளும் கேஸ் பிஸ்டன் வகைக்கும் இதே எச்சரிக்கைதான். காற்றை முன்கூட்டியே அடைத்துச் சுடும் பிசிபி ரைபிள் வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தக் கவலை கிடையாது. அதில் உதையே இல்லாத மாதிரிதான். அவர் அடுத்த பகுதியில் கவனம் வைத்தால் போதும்.

பத்து மீட்டரில் தெளியாத ஸ்கோப்

பள்ளியில் அளவுகோலை நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பார்த்தால் அளவு மாறும் என்று படித்தோமே, இடமாறு தோற்றப் பிழை, அதேதான் ஸ்கோப்பில் பேரலாக்ஸ். குறியின் பிம்பமும் குறுக்குக்கோடும் ஒரே தளத்தில் விழவில்லை என்றால், கண் இம்மி நகர்ந்தாலும் குறுக்குக்கோடு குறியின் மேல் நகரும். துப்பாக்கி அசையாமல் கிடக்கும், நீங்கள் பார்க்கும் இடம் மட்டும் மாறும்.

வேட்டை ஸ்கோப்களில் பெரும்பாலும் இதை 100 கெஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு, ஆலையிலேயே பொருத்திப் பூட்டிவிடுவார்கள். அதைப் பத்து மீட்டரில் வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். முன் லென்ஸ் விட்டத்தில் பாதியை, குறியின் தூரத்துக்கும் பூட்டிய தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, பூட்டிய தூரத்தால் வகுத்தால் அதிகபட்சப் பிழை கிடைக்கும். 40 மி.மீ. லென்ஸுக்கு 20 × 81 ÷ 91. ஏறக்குறைய 18 மி.மீ. வருகிறது. போட்டிக்கான 10 மீட்டர் அட்டையில் நடுக் கறுப்பு வட்டத்தின் விட்டமே 30.5 மி.மீ., அதாவது நடுவிலிருந்து ஓரம் வரை 15 மி.மீ. சொச்சம். துப்பாக்கிக் கட்டையில் கன்னம் கொஞ்சம் இடம் மாறிப் பதிந்தாலே குண்டு கறுப்பை விட்டு வெளியே போகலாம். புதியவருக்குக் கன்னம் ஒரே இடத்தில் பதிவதில்லை. அவர் தன் கை சரியில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் மனம் நொந்துகொண்டிருப்பார். தவறு ஸ்கோப்பில் இருக்கும்.

இதற்குத் தீர்வு ஏஓ எனப்படும் வளையம். முன் லென்ஸைச் சுற்றித் திருகும்படி 10, 15, 25, 50, 100 என்று தூரம் பொறித்திருக்கும். குறியைச் சரிசெய்ய ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் இருக்கும் இரண்டு திருகு குமிழ்களை டரட் என்பார்கள்; சிலவற்றில் இந்த வளையம் இடது பக்கத்தில் மூன்றாவது டரட்டாக வரும். அதைச் சைடு ஃபோக்கஸ் என்பார்கள், வசதி அதிகம், விலையும் அதிகம். முதல் ஸ்கோப்புக்கு முன்வளையமே போதும். பார்க்க வேண்டியது அந்த வரிசையில் மிகக் குறைந்த எண். அது 10 கெஜமாக இருக்க வேண்டும். 50-லிருந்து தொடங்கினால் வாங்க வேண்டாம். பொறித்த எண்ணை முழுதாக நம்பவும் கூடாது. விலை குறைந்தவற்றில் ‘15’ என்ற இடத்தில் 10 மீட்டர் தெளிவதும் உண்டு, அதில் தப்பில்லை. உங்கள் தூரத்தில் தெளிகிற இடத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது.

சரியாகத் திருகியிருக்கிறதா என்று பார்க்க, துப்பாக்கியை மூட்டைமேல் அசையாமல் வைத்து, தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். குறுக்குக்கோடு குறியை விட்டு நகராமல் ஒட்டியிருந்தால் சரி.

எண்களைப் படிப்பது

3-9×40 என்றால் பெருக்கம் மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு, முன் லென்ஸ் 40 மி.மீ. 4×32 என்றால் மாறாத நாலு மடங்கு, 32 மி.மீ. லென்ஸ்.

லென்ஸ் பெரிதானால் வெளிச்சம் கூடும் என்பார்கள். லென்ஸ் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. மதுரை வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மி.மீ.க்குச் சுருங்கிவிடும். மிச்ச வெளிச்சம் கண்ணுக்குள் போகாது. அந்தியில் மங்கலான காட்டில் நிற்கிறவனுக்குத்தான் 50 மி.மீ. லென்ஸ். நமக்கு அதனால் கெடுதல்தான்: லென்ஸ் பேரலில் இடிக்காமல் இருக்க, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் மவுண்டை உயர்த்த வேண்டும், உயர்த்தினால் கன்னம் கட்டையில் பதியாது, பதியாவிட்டால் மேலே சொன்ன பேரலாக்ஸ் பிழை திரும்ப வரும். 32 அல்லது 40 போதும்.

பெருக்கத்திலும் ஆசை வேண்டாம். ஒன்பது மடங்கில் குறி பெரிதாகும், கூடவே கை நடுக்கமும் ஒன்பது மடங்காகும். 10 மீட்டருக்கு நாலு முதல் ஆறு, 25 மீட்டருக்கு ஆறு முதல் ஒன்பது. 6-24×50 என்று மலிவு விலையில் வருபவை எண்ணை விற்கின்றன, கண்ணாடியை இல்லை.

குழாய் ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ.யாகவோ 30 மி.மீ.யாகவோ இருக்கும். 30 வந்தால் வெளிச்சம் கூடாது. உள்ளே திருகும் இடம்தான் கூடும். ஒரு அங்குலமே போதும். மவுண்ட் வளையம் மட்டும் அதே அளவில் இருக்க வேண்டும். குறுக்குக்கோட்டில் புள்ளி வைத்த மில்-டாட் இருந்தால் நல்லது. சிவப்பு விளக்கு எரியும் வகை வேண்டாம். பகல் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது, பழுதாக ஒரு பாகம் கூடுதல். எடை அரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. கனம் கூடக் கூட ஒவ்வொரு உதைக்கும் மவுண்ட் வாங்கும் அடியும் கூடும்.

மொத்தம் 10,000 ரூபாய் ஒதுக்கினால் ஆறாயிரத்து ஐநூறை ஸ்கோப்புக்கும், இரண்டாயிரத்தை மவுண்டுக்கும், மிச்சத்தை மூன்று நான்கு வகை பெல்லட்டுக்கும் பிரிப்பது நம் யோசனை. முழுப் பணத்தையும் ஸ்கோப்பில் போட்டுவிட்டு, கூடவே இலவசமாக வந்த தகர வளையத்தில் அதை மாட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. இவ்வளவுகூட ஒதுக்க முடியாதவர், 25 முதல் 50 கெஜத்துக்குள் பேரலாக்ஸ் பொருத்திய, ஏர் ரைபிளுக்கென்றே வரும் 4×32 ஒன்றை வாங்கலாம். உள்ளே நகரும் பாகம் குறைவு என்பதால் மலிவிலும் அது உதை தாங்கும். விலை குறைந்த ஜூம் ஸ்கோப்பைவிட அது எவ்வளவோ மேல்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கடை வாசலுக்கு எடுத்து வாருங்கள். தெருக்கோடியில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பாருங்கள். நடுவில் எழுத்து கூர்மையாக இருந்து ஓரத்தில் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. நடுவிலேயே பால் கலந்த மாதிரி இருந்தால் வேண்டாம். ஒத்தக்கடைப் பக்கமாக இருந்தால் யானைமலை விளிம்பு வானத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள். விளிம்பில் ஊதாவும் மஞ்சளுமாகப் பட்டையாக ஓடினால் கண்ணாடி மட்டம். எக்காரணத்தைக் கொண்டும் சூரியனைப் பார்க்காதீர்கள், பார்வை போய்விடும்.

ஜூம் வளையத்தை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். பொடி அரைபடும் உணர்வு இருக்கக் கூடாது. திருப்பும்போது குறுக்குக்கோட்டின் நடு, பார்த்த இடத்தை விட்டு நகரக் கூடாது. டரட் மூடியைக் கழற்றிப் பத்துக் கிளிக் திருகுங்கள். ஒவ்வொன்றும் விரலில் தனித்தனியாகத் தட்ட வேண்டும். குழகுழவென்று எண்ணவே முடியாமல் சுற்றினால் குறி பிடிக்கும்போது அழவேண்டியிருக்கும். காதருகே வைத்து மெல்லக் குலுக்குங்கள், எதுவும் ஆடக் கூடாது. லென்ஸை வெளிச்சத்துக்குச் சாய்த்தால் பச்சையோ ஊதாவோ மங்கலாகப் பளபளக்க வேண்டும், அது பூச்சு. வெறும் ஜன்னல் கண்ணாடி போல வெள்ளையாகப் பளிச்சென்று முகம் தெரிந்தால் பூச்சு இல்லை. கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் 75 முதல் 100 மி.மீ. இடைவெளியில் முழு வட்டமும் தெரிய வேண்டும்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் இத்தனையையும் செய்துவிடுங்கள். பெயர் பெற்ற கம்பெனிகளின் பெயரில் போலிகள் உண்டு. வழக்கமான விலையில் கால்பங்குக்கு ஒன்று கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

மவுண்ட்

ஏர் ரைபிளின் மேல்பக்கம் இரண்டு பக்கமும் வெட்டிய காடி இருக்கும். அதை 11 மி.மீ. டவ்டெயில் என்பார்கள். குறுக்கே பல் பல்லாக வெட்டிய அகலமான பட்டை இருந்தால் அது 20 மி.மீ. பிக்காட்டினி. இரண்டுக்கும் மவுண்ட் வேறு. வாங்குவதற்கு முன் ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள்.

ஸ்பிரிங் ரைபிளுக்கு இரண்டு தனி வளையம் வேண்டாம். ஒரே துண்டாக நீண்டு வரும் மவுண்ட் வாங்குங்கள். அடியில் ஸ்டாப் பின் எனப்படும் சிறு முளை இருக்க வேண்டும். துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதனால் மவுண்ட் சூட்டுக்குச் சூடு பின்னால் ஊரும். காடியின் பின்பகுதியில் இருக்கும் குழிக்குள் அந்த முளை இறங்கி நின்றால் ஊராது. குழி இல்லாத துப்பாக்கியில் மவுண்டுக்குப் பின்னால் தனியாக ஒரு தடுப்புக் கட்டை பூட்டலாம். திருகை இன்னும் இறுக்கி ஊர்வதை நிறுத்தலாம் என்று நினைப்பது பலிக்காது. காடிதான் தேய்ந்து போகும்.

மாட்டும் முறை

துப்பாக்கியில் பெல்லட் இல்லை, பேரல் மடங்கவில்லை, ஸ்பிரிங் அமுக்கத்தில் இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

1. காடியையும் மவுண்ட் அடியையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். ஊர்வதற்குப் பாதிக் காரணம் இந்த எண்ணெய்தான்.

2. முளையைக் குழிக்குள் இறக்கி, மவுண்டைப் பின்னால் தள்ளிப் பிடித்தபடி அடித் திருகுகளை மாறி மாறி இறுக்குங்கள். இந்தத் திருகுகளுக்கு மட்டும், பிறகு கழற்ற முடிகிற நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு விடலாம். சிவப்பு வேண்டாம்.

3. இரண்டு டரட்டையும் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். ஒரு கோடி முதல் மறுகோடி வரை கிளிக்கை எண்ணி, பாதி திரும்பி வந்தால் நடு. கோடியில் முட்டியதும் நிறுத்திவிட வேண்டும், அழுத்தக் கூடாது.

4. ஸ்கோப்பை வளையத்தில் வைத்து மேல்மூடியை நழுவும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். பெருக்கத்தை உச்சத்தில் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இயல்பாகக் கன்னத்தைப் பதித்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். ஓரத்தில் கறுப்பு நிழல் தெரிந்தால் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நிழல் மறையும் இடம்தான் ஸ்கோப்பின் இடம். தலையை நகர்த்திச் சரிக்கட்டாதீர்கள்.

5. நேர் பிடிக்க, கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் கேட்டு வாங்குங்கள். பத்து மீட்டர் தள்ளித் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்க விடுங்கள். காடியின் மேல் குறுக்காக ரசமட்டத்தை வைத்துத் துப்பாக்கியை மட்டப்படுத்தி, குறுக்குக்கோட்டின் நெடுங்கோடு நூலோடு ஒன்றும் வரை ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். இதில் சோம்பல் பட்டு, சுடும்போது துப்பாக்கி 5 டிகிரி சாய்ந்தாலே 25 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 5 மி.மீ. பக்கவாட்டில் போகும்.

6. மேல்மூடித் திருகுகளைக் கார் சக்கர நட்டை இறுக்குவது போல எதிரெதிராக, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். ஆலன் கீயின் குட்டைக் காலை இரண்டு விரலால் பிடித்து இறுகும் அளவே போதும். கைமுழுக்க பலம் போட்டால் குழாய் நசுங்கும். உள்குழாய் மாட்டிக்கொள்ளும், ஜூம் வளையம் இறுகும். அப்புறம் ‘ஸ்கோப் கெட்டுப்போச்சு’ என்று திருப்பிக் கொடுக்கப் போனால் வளையத் தழும்பைக் காட்டியே மறுத்துவிடுவார்கள்.

7. கடைசியாகப் பின் லென்ஸ். வெள்ளைச் சுவரையோ வெளிர் வானத்தையோ பார்த்து, குறுக்குக்கோடு கறுப்பாகக் கூர்மையாகத் தெரியும் வரை பின்வளையத்தைத் திருகுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு வினாடிக்கு மேல் பார்க்காதீர்கள். நீளப் பார்த்தால் கண் தானே சரிக்கட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றிவிடும். கண்ணாடி அணிபவர் அணிந்தபடியே செய்ய வேண்டும்.

குறி பிடித்தல்

புதுத் துப்பாக்கியில் முதல் நூறு இருநூறு பெல்லட்டுக்கு உள்ளே இருக்கும் எண்ணெய் எரிந்து புகையும், சத்தமும் வேகமும் சூட்டுக்குச் சூடு மாறும். அதுவரை திறந்த சைட்டிலேயே சுட்டுத் தீருங்கள். பெல்லட் இல்லாமல் ஒருபோதும் சுடக் கூடாது. காற்றுமெத்தை இல்லாமல் பிஸ்டன் சுவரில் போய் அடிக்கும்.

ஒரு பெரிய அட்டைப்பெட்டிப் பக்கத்தில் நடுவே புள்ளி வைத்து முதலில் 5 மீட்டரில் சுடுங்கள். ஸ்கோப் நடு பேரல் நடுவுக்கு மேலே 45 மி.மீ. அளவில் இருக்கும். ஆகவே 5 மீட்டரில் புள்ளிக்கு நேர் கீழே இரண்டரை, மூன்று செ.மீ. தள்ளி விழுவதுதான் சரி. அதைப் புள்ளிக்கே கொண்டுவரப் பார்க்காதீர்கள். இடம் வலம் மட்டும் சரி செய்துகொண்டு 10 மீட்டருக்குப் போங்கள்.

அங்கே ஐந்து பெல்லட் சுட்டு, ஐந்து துளைகளின் நடுவைக் கண்ணால் மதித்துப் புள்ளி வையுங்கள். ஒரு துளையை வைத்துத் திருகுகிறவர் விடிய விடியத் திருகிக்கொண்டிருப்பார். எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. கால் எம்ஓஏ கிளிக் என்றால் 10 மீட்டரில் ஒரு கிளிக் 0.73 மி.மீ., 25 மீட்டரில் 1.8 மி.மீ. ஐந்தின் நடு 29 மி.மீ. கீழேயும் 11 மி.மீ. வலப்பக்கமும் இருந்தால், 40 கிளிக் மேலே, 15 கிளிக் இடப்பக்கம். டரட்டில் இருக்கும் அம்பு குண்டு விழும் இடத்தைத்தான் நகர்த்தும், குறுக்குக்கோட்டை அல்ல. இதில் குழம்பி எதிர்ப்பக்கம் திருகுவது சகஜம். திருகிய பிறகு முதல் இரண்டு சூட்டைக் கணக்கில் எடுக்காமல், உள்குழாய் உட்கார விடுங்கள். அடுத்த ஐந்தைப் பாருங்கள்.

எந்தத் தூரத்துக்கு நிலையாகக் குறி வைப்பது? அட்டை மட்டும் 10 மீட்டரில் சுடுகிறவர் பத்துக்கே வைக்கலாம். ஆனால் வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் 8 கிரெயின், அதாவது அரை கிராம் சொச்சம் எடையுள்ள பெல்லட் போகும் துப்பாக்கியில் பத்துக்கு வைத்தால் 25 மீட்டரில் சுமார் 3 செ.மீ. மேலே அடிக்கும். 25-க்கு வைத்தால் 20-இலும் ஏறத்தாழ அதே இடத்தில் விழும். 10-இல் ஒரு செ.மீ. சொச்சம் கீழே. டப்பாவும் தகடும் சுடுகிறவருக்கு 25 வசதி. உங்கள் துப்பாக்கியில் 10, 15, 20, 25, 30 மீட்டரில் சுட்டுப் பார்த்து, மேலும் கீழும் எவ்வளவு என்று ஒரு சிட்டையில் எழுதிக் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஜூம் ஸ்கோப்பில் மில்-டாட் புள்ளிகளின் மதிப்பு பெருக்கத்தோடு மாறும். சிட்டையை ஒரே பெருக்கத்துக்கு எழுதி, அதிலேயே நில்லுங்கள்.

ஸ்பிரிங் ரைபிளை மணல்மூட்டையில் நேராக வைத்து இறுக்கிப் பிடித்தால் குண்டு சிதறும். உதையின் போது அது தன் போக்கில் நகர வேண்டும். இடது உள்ளங்கையை மூட்டைமேல் வைத்து, அதன்மேல் துப்பாக்கியைப் படுக்க வையுங்கள். தோளில் ஒட்டினால் போதும், இழுத்து அணைக்க வேண்டாம். உள்ளங்கை எப்போதும் கட்டையின் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

குறி நிற்கவில்லை என்றால்

ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் வரிசையாகப் பாருங்கள். கட்டைத் திருகுகள் ஆடுகின்றனவா? ஸ்பிரிங் ரைபிளில் இவை தானாகத் தளரும்; பாதிப் புகார் இதோடு தீரும். மவுண்ட் ஊர்ந்திருக்கிறதா? வளையத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தால் உடனே தெரியும். பெல்லட் மாறியதா? ஒரே எடையில் இரண்டு கம்பெனி பெல்லட்டுகள் ஒரே துப்பாக்கியில் வேறு வேறு இடத்தில் விழும். உருண்டைத் தலை பெல்லட்டில் மூன்று வகை வாங்கிச் சோதித்து, நெருங்கி விழும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் குறி தானாக நகர்கிறது, மேல் டரட் ஏறக்குறைய கோடி வரை ஏறியிருக்கிறது என்றால் காரணம் பேரல் தொங்கல். மடக்கும் பேரல் பல துப்பாக்கிகளில் இம்மி கீழே நோக்கியிருக்கும். அதை ஈடுகட்ட டரட்டை ஏற்றிக்கொண்டே போனால் உள்குழாயைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். ஒவ்வொரு உதைக்கும் குழாய் ஆடும். இதற்கு டரட்டைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்து, பின்வளையத்தின் அடியில் குளிர்பான அலுமினிய டின்னிலிருந்து வெட்டிய பட்டையை வையுங்கள். வளையங்களுக்கு நடுவே 100 மி.மீ. இருந்தால், 0.1 மி.மீ. தடிப்புள்ள பட்டை ஒன்று 10 மீட்டரில் குண்டை 10 மி.மீ. மேலே தூக்கும். இரண்டு பட்டைக்கு மேல் தேவைப்பட்டால் குழாய் வளையும். அப்போது சாய்வு மாற்றும் மவுண்ட் வாங்குவதுதான் வழி.

கடைசிச் சோதனை பெட்டி வரைவது. ஒரே புள்ளியைப் பார்த்துச் சுட்டபடி 40 கிளிக் வலம், 40 மேலே, 40 இடம், 40 கீழே. 10 மீட்டரில் 29 மி.மீ. பக்கமுள்ள சதுரம் விழுந்து, கடைசித் துளைக் கூட்டம் முதல் துளைக் கூட்டத்தின் மேலேயே வர வேண்டும். வரவில்லை என்றால் ஸ்கோப்தான் கெட்டிருக்கிறது. உத்தரவாத அட்டையை எடுங்கள்.

எங்கே சுடுவது, எப்படி வைத்திருப்பது

இந்த பெல்லட் 300 மீட்டருக்கு மேலும் போகும். ஸ்கோப்பில் பார்க்கிறவருக்குக் குறிக்குப் பின்னால் இருப்பது தெரியாது, பக்கத்தில் வருகிறவரும் தெரியமாட்டார். ஒரு கண் மட்டும் திறந்து சுடும் பழக்கம் இதனால்தான் ஆபத்து. சொந்த இடம், வேலி, ஆள் நடமாட்டம் இல்லாத திசை, பின்னால் மணல்மூட்டை அடுக்கு அல்லது உயர்ந்த மண்வரப்பு. மேலூர்ப் பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரிகளைப் பார்த்ததும் நல்ல தடுப்பு என்று தோன்றும். பாறையில் பட்ட ஈயக்குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, வேண்டவே வேண்டாம். அழகர்மலை அடிவாரத்துக்கோ, 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கோ துப்பாக்கியை எடுத்துப் போகவே கூடாது. வல்லூறுகள் கூடு கட்டும் பாறைகள் அவை.

சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கு மேல் சுட்டு அளக்காதீர்கள். நிலத்திலிருந்து எழும் கானல் ஒன்பது மடங்கு பெருக்கத்தில் குறியை நீந்த வைக்கும். விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் ஸ்கோப்பைப் போட்டு வைத்தால் உள்ளே அடைத்த நைட்ரஜனைக் காக்கும் ரப்பர் வளையங்கள் சீக்கிரம் காய்ந்துவிடும். ஐப்பசி மழைக்காலத்தில் பூஞ்சை லென்ஸை அரிக்கும். ரெக்சின் உறையிலேயே மாதக்கணக்கில் கிடக்க விடாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்கக் கூடாது. முதலில் ஊதுபந்தால் தூசியைப் போக்கி, பிறகு லென்ஸ் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு. சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும், பெல்லட் ஈயம்.

முதல் 500 சூடு வரை ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் கட்டைத் திருகையும் மவுண்ட் திருகையும் ஆலன் கீயால் தொட்டுப் பாருங்கள். பிறகு வாரம் ஒரு தடவை போதும். டரட்டில் இப்போது எந்தக் கிளிக்கில் நிற்கிறது, எந்தப் பெல்லட், எந்தத் தூரம் என்று தேதி போட்டு அந்தச் சிட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள். யாராவது எடுத்து டரட்டைத் திருகிவிட்டாலும் பத்து நிமிஷத்தில் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம்.